வெள்ளையம்மா உறங்குவதில்லை

மிளகுத்தீவு என்னும் இணைய விளையாட்டு பத்தொன்பது ஆண்டுகளாக நடைபெற்று வந்தது. அதனை நடத்திய பெருந்திரை நிறுவனம், அவ்விளையாட்டை மூடப்போவதாக ஒருநாளும் கூறியதில்லை. முதலில் 'நிறைவுப் பருவம்' தொடங்கியதாக அறிவித்தது. ஆறு மாதங்கள் கழித்து அது 'பொன்மாலைப் பருவம்' ஆயிற்று. மலேசியாவின் பத்து பாகாட் நகரத்துத் துணி ஆலையொன்றில் தரச் சோதனைப் பிரிவில் பணியாற்றிய ரூபினிக்கு நிறுவனத்தின் கடிதம் வந்து சேர்ந்த நாளில், 'மகுடம் சூட்டும் பருவம்' நடந்துகொண்டிருந்தது. பருவத்தின் பெயர் நீள நீளத் தீவில் மனித நடமாட்டம் குறைந்து வந்தது என்பதை நிறுவனம் தற்செயல் என்றே கருதியது.

கடிதத்தை ரூபினி ஆலையின் உணவுக்கூடத்தில், பாதி தின்ற மீ கோரெங் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்தாள்.

"பெருமதிப்பிற்குரிய வெள்ளையம்மா அவர்களுக்கு" என்று அது தொடங்கியது. "கடந்த பதினோராண்டுகளாக, நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்தொன்பது மணி நாற்பது நிமிடம் தாங்கள் எமது தீவில் வாழ்ந்துள்ளீர்கள். எஞ்சிய நேரத்தில் எமது கணினிகள் பராமரிப்பிற்காக நிறுத்தப்பட்டிருக்கக்கூடும். அவ்விடையூறுக்கு வருந்துகிறோம். தங்கள் வாழ்க்கைமுறையை முன்மாதிரியாகக் கொண்டே 'மிளகுத்தீவு இரண்டு' உருவாகியுள்ளது. எமது ஒப்பந்தத்தின் மூன்றாம் விதிப்படி, பழைய தீவின் கதவைச் சாத்தும் பெருமை தங்களையே சாரும். ஜொகூர் பாருவிலுள்ள எமது தலைமையகத்திற்கு வருகை தந்து, தங்கள் மகிழ்ச்சியைப் பதிவுசெய்ய வேண்டுகிறோம்."

ரூபினி கடிதத்தை இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு அங்கம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். அதே ஆலையில் பிற்பகல் நேரப் பணி செய்யும் அங்கம்மா, அந்நேரத்தில் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாட்டிக்கிட்டோம்."

"யாருகிட்ட? சூப்பர்வைசர்கிட்டயா?"

"இல்லக்கா. வெள்ளையம்மா மாட்டிக்கிட்டா."

"அலமாக்!" என்றாள் அங்கம்மா. சோற்றுப் பானையின் மூடி விழுந்து உருளும் ஓசை ரூபினிக்குத் தெளிவாகக் கேட்டது.

இவ்விடத்தில் வெள்ளையம்மா யார் என்பதைக் கூறியாக வேண்டும். வெள்ளையம்மா என்பவள் மிளகுத்தீவில் வாழும் ஒரு பாத்திரம். கொண்டையும் வெள்ளைச் சேலையும் உடையவள். மிளகு பறிப்பாள், மீன் பிடிப்பாள். ஆயின் அவளை இயக்கியவர் ஒருவர் அல்லர், ஐவர்.

பதினோராண்டுகளுக்கு முன் ஆலை நிர்வாகம் தொழிலாளர் ஓய்வறையில் ஒரே ஒரு கணினியை வைத்தது. விளையாட்டில் பெயர் பதிய மின்னஞ்சல் முகவரி வேண்டியிருந்தது. ஐவருள் அது ரூபினி ஒருத்தியிடமே இருந்தது. ஆதலால் அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கப்பட்டது. ஒரு பாத்திரம் பிறந்தது. அதற்குப்பின் அவர்கள் செய்தது, ஆலைத் தொழிலாளர் எவரும் செய்யக்கூடியதே. ஆலையில் ஒரு தையல் இயந்திரத்தை மூன்று நேரப் பணியில் மூவர் இயக்குவர். வேலை முடிந்து எழுபவள் பஞ்சுத் தூசியைத் துடைத்து, அடுத்தவளுக்கு நூல் கோத்து வைத்து, இயந்திரத்தின் குறைகளைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போவாள். வெள்ளையம்மாவையும் அவர்கள் அவ்வாறே கைமாற்றினர். விளையாடி முடித்தவள் வெள்ளையம்மாவைக் கிணற்றடியில் நிறுத்தி, கூடைகளை அடுக்கிவைத்து, குடிசைச் சுவரிலிருந்த பலகையில் செய்தி எழுதிவிட்டு வெளியேறுவாள். ஓர் இயந்திரம் சும்மா கிடக்காமல் ஓடுவது குற்றமாகும் என்று அவர்களுள் எவருக்கும் தோன்றவில்லை. ஒப்பந்தத்தின் பதினான்காம் விதி, ஒரு கணக்கை ஒருவருக்கு மேல் பயன்படுத்தினால் அக்கணக்கு அழிக்கப்படும் என்றது. ஒப்பந்தம் அறுபத்திரண்டு பக்கங்கள் கொண்டது. உலகிலுள்ள ஏனையோரைப் போலவே அவர்களும் அதைப் படிக்காமல் ஒப்புக்கொண்டிருந்தனர்.

ஐவரும் ஒருவரையொருவர் அந்நாளில் இயக்கிய இயந்திரத்தின் எண்ணால் அழைத்துக்கொண்டனர். அங்கம்மா நான்கு, பிரேமலா ஏழு, ரூபினி ஒன்பது, ஜொஹரா பன்னிரண்டு, லோஷினி பதினைந்து. லோஷினி பின்னர் ஆலையை விட்டு, எல்லையோரப் பெர்மாஸ் ஜெயாவில் குடியேறி, நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். எனினும் எண்ணை விடவில்லை. எல்லைப் பாலத்து நெரிசலில் பேருந்து நிற்கும் நேரமெல்லாம் அவள் வெள்ளையம்மாவாக இருந்தாள். கைப்பேசிகள் வந்தபின் ஓய்வறைக் கணினி தேவையற்றுப் போயிற்று. பலகை மட்டும் நாள்தோறும் நிறைந்தது.

"நாலு: கீழ்த்தோட்டத்து மிளகு பறிச்சாச்சு. மேல்தோட்டத்துக்குத் தண்ணி விடல. முதுகு வலி."

"பன்னெண்டு: விட்டுட்டேன். எண்ணெய் தேய்ச்சிட்டுப் படுங்கக்கா. அல்லா பார்த்துக்குவான்."

"பதினஞ்சு: பாலத்துல ஒன்றரை மணி நேரம். நாலு கூடை மீன்."

"நாலு: அடியே ஏழு, வலை கிழிஞ்சா தைக்கமாட்டியா? கையில என்ன, கொழுக்கட்டையா?"

பணி நேரங்கள் வேறு வேறானவை. ஆதலால் ஐவரும் ஓரிடத்தில் ஒருநாளும் ஒன்றாய்க் கூடியதில்லை. ஜொஹராவும் லோஷினியும் ஒருவரையொருவர் கண்ணால் கண்டதேயில்லை. ரூபினியின் தாயார் நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, அவள் நடைவழி நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தாள். பலகையில் பிரேமலா எழுதியிருந்தாள்: "ஒம்போது, தோட்டத்தப் பத்தி நினைக்காதே. சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்று ரூபினி எழுதினாள். அடுத்த முறை பார்த்தபோது கீழே ஒரு வரி இருந்தது. "நாலு: பொய். எந்திரிச்சுப் போய் சாப்பிடு." அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள். தாயார் மறைந்தபின் முதலில் அவள் அச்செய்தியை எழுதிய இடமும் அப்பலகையே.

நிறுவனத்தின் அறிவிப்புப்படி, பழைய தீவின் காசுகளும் பட்டங்களும் புதிய தீவுக்குப் பெயர்க்கப்படும். பலகைகள் பெயர்க்கப்படமாட்டா. ரூபினியின் அண்ணன் இதைக் கேட்டு, "படம் எடுத்து வச்சுக்கயேன் லா" என்றான். "பலகைன்னா நாளைக்கு எழுதுறதுக்குண்ணே. படத்துல எப்படி எழுதுறது?" என்று அவள் கேட்டாள்.

இனி மூன்றாம் விதி. தீவை உருவாக்கிய இளைஞர்கள், தொடக்க நாளில் உற்சாக மிகுதியால் அதன் வாயிலில் 'இங்கே நெடுங்காலம் வாழ்ந்தவரே இக்கதவைச் சாத்துவார்' என்று பொறித்தனர். விளம்பரத்திற்கு உதவும் என்று அதனை ஒப்பந்தத்திலும் சேர்த்தனர். அவ்விளைஞர்கள் நிறுவனத்தை விற்றுவிட்டுப் போய் நெடுநாளாயிற்று. விதியை யாரும் நீக்க நினைக்கவில்லை. நினைத்தபோது, நீக்குவதற்கும் நெடுங்காலம் வாழ்ந்தவரின் ஒப்புதலே வேண்டும் என்று வழக்கறிஞர்கள் கூறிவிட்டனர்.

"அப்ப நீ போய் மாட்டேன்னு சொல்லிட்டு வந்துரு. அவ்வளவுதானே?" என்றாள் அங்கம்மா. "அஞ்சு பேருன்னு மட்டும் வாயத் திறக்காதே. ஊமை மாதிரி நில்லு."

ரூபினி விடுப்பெடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்திற்குப் பேருந்து ஏறினாள்.

பெருந்திரை நிறுவனத்தின் பதினோராம் மாடியில் அவளை வரவேற்றவர், விளையாட்டாளர் உறவுகள் மற்றும் உணர்வுகள் பிரிவின் தலைமை இயக்குநராகிய ஹேமநாதன். அவர் அவளைச் 'செவிமடுக்கும் அறை'க்கு அழைத்துச் சென்றார். காது வடிவில் ஒரு மேசையும் அதைச் சுற்றி எட்டு நாற்காலிகளும் அங்கே இருந்தன. மூலையில் நிலோபர் என்னும் இளம் பதிவாளர் கணினியுடன் அமர்ந்திருந்தாள்.

"சொல்லுங்க மேடம். நாங்க கேக்கத்தான் இருக்கோம்" என்றார் ஹேமநாதன்.

"தீவை மூடாதீங்க சார். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஹேமநாதன் கண்களை மூடி, தலையை மெல்ல அசைத்து, செவிமடுத்தார். நிலோபர் திரையை நோக்கித் தயங்கினாள்.

"மேடம், இதுல மூணு கட்டம்தான் இருக்கு. மகிழ்ச்சி, மிகுந்த மகிழ்ச்சி, அளவிறந்த மகிழ்ச்சி. எதுல போடட்டும்?"

"வருத்தம்னு ஒன்னு இல்லையாம்மா?"

"போன வருஷம் இருந்துச்சு மேடம். எல்லாரும் அதையே அழுத்துனாங்கன்னு எடுத்துட்டாங்க."

"அளவிறந்த மகிழ்ச்சியில போடு நிலோபர்," என்றார் ஹேமநாதன், கண்ணைத் திறவாமலே. "பிரிய மனசில்லாத அளவுக்கு மகிழ்ச்சி. இது ரொம்ப உயர்ந்த வகை."

அதன்பின் அவர் புதிய தீவைச் சுவர்த்திரையில் காட்டினார். அங்கே வீடுகள் இருந்தன. வீடுகளுக்குள் கட்டில்கள் இல்லை. வெள்ளையம்மா பதினோராண்டுகளாகப் படுத்ததில்லை என்று புள்ளிவிவரம் காட்டியதால், கட்டில் தேவையற்றது என முடிவு செய்யப்பட்டிருந்தது. விளக்குகள் அணையமாட்டா. இருள் வரும், ஆனால் உறக்கம் வராது.

"மத்த ஆளுங்க எங்க சார்? தீவுல யாரையும் காணோமே" என்று ரூபினி கேட்டாள்.

"அதான் மேடம் புதுமை! விளையாட்டாளர்களுக்குப் பெரிய தொந்தரவே மத்த விளையாட்டாளர்கள்தான்னு எங்க ஆய்வு சொல்லுது. நீங்களே பாருங்க, பதினோரு வருஷத்துல நீங்க யார்கூடயும் பேசுனதில்ல. உங்ககூட நீங்களே பேசிக்கிட்டீங்க."

இவ்வாறு கூறி, தடித்த நூலொன்றை அவள் முன் வைத்தார். 'ஒருத்தியின் உள்ளத்தில் ஐந்து படிகள்: வெள்ளையம்மாவின் தன்னுரை பற்றிய ஆய்வு' என்று அட்டையில் இருந்தது. முனைவர் ஒருவர் நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்கப் பலகை எழுத்துகள் நாலாயிரத்தையும் ஆராய்ந்திருந்தார். வெள்ளையம்மா தன் மனத்தை நான்கு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என ஐந்து படிகளாகப் பகுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவர் முடிவு. நான்காம் படி மனச்சான்று. ஏனெனில் அது ஓயாது திட்டுகிறது. ஏழாம் படி சோம்பல். பதினைந்தாம் படி என்றும் ஏதோ ஒரு பாலத்தைக் கடக்க முயன்று தவிக்கிறது. அது வாழ்வின் நிலையாமை. ஏழு முருகனை அழைக்கிறது, பன்னிரண்டு அல்லாவை அழைக்கிறது. ஆகவே ஒரே நெஞ்சில் சமய நல்லிணக்கம் கண்ட இப்பெண்மணிக்கு விருது வழங்கலாம் என்று முனைவர் பரிந்துரைத்திருந்தார்.

"ஆனா மேடம், இந்த நாலாவது படி..." ஹேமநாதன் குரலைத் தாழ்த்தினார். "உங்களையே நீங்க இவ்வளவு திட்டிக்கக் கூடாது. எங்க கம்பெனியில கவுன்சலிங் இருக்கு. இலவசம்."

"நாலு அப்படித்தான் சார்," என்றாள் ரூபினி. "நல்ல மனசு. வாய்தான் கொஞ்சம்."

வெளியே வரும்போது, மின்தூக்கி வரை துணைக்கு வந்த நிலோபரிடம் ரூபினி மெல்லக் கேட்டாள்: "எனக்கப்புறம் அந்தக் கதவு யாருக்குப் போவும்?"

"உங்க கணக்கு இல்லாம போச்சுன்னா, அடுத்து ரொம்ப நாளா இருக்குற கணக்குக்கு மேடம்."

"அது யாரு?"

நிலோபர் இருபுறமும் பார்த்தாள். "'சோதனை ஒன்னு'ன்னு ஒரு பேரு. ஹேமநாதன் சாரோட கணக்கு. சேர்ந்த அன்னைக்குத் திறந்தாரு, திறந்தபடியே கிடக்கு."

ஆகவே நிலைமை தெளிவாயிற்று. ஐவர் என்று தெரிந்தால் கணக்கு அழியும், கதவைச் சாத்தும் உரிமை ஹேமநாதன் கைக்குப் போகும், பலகை போய்விடும். ஒருத்தியாகவே நின்று, கதவு சாத்தும் நாளில் மறுப்பு என்று பதிந்துவிட்டால் தீவு பிழைக்கும். அன்று மாலை பலகையில் நான்காம் எண் பெரிய எழுத்தில் எழுதியது: "வாயத் திறந்தே, தொலைச்சிருவேன்."

கதவு சாத்தும் விழா, ஜொகூர் பாருவின் விடுதியொன்றின் பெருமண்டபத்தில் மூன்று வாரங்களுக்குப் பின் நடைபெற்றது. முதலீட்டாளர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். மேடையின் நடுவே செயற்கை மிளகுக்கொடிகள் சுற்றிய ஒரு கதவு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பின்னால் வேறெதுவும் இல்லை. வெள்ளையம்மாவுக்கு நினைவுப் பரிசாக ஒரு தலையணை அளிக்கப்பட்டது. ஹேமநாதன் உரையாற்றினார்.

"அன்பார்ந்தோரே! விளையாட்டாளர்களின் குரலே எங்கள் திசைகாட்டி. இத்தீவை மூடலாமா என்று அவர்களைக் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால், கேட்பதற்கு எங்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. பத்தொன்பதாண்டுகளாக அவர்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். இதைச் சிலர் அன்பு என்றார்கள். நாங்கள் ஆராய்ந்தோம். அது பழக்கம். பழக்கத்தை இரண்டாம் பாகத்துக்கு எளிதாகப் பெயர்த்துவிடலாம். அன்பு என்றால்தான் சிரமம்."

கைத்தட்டல் எழுந்தது. ரூபினி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஊமையாக இருந்தாள்.

"பலகைகள் என்ன ஆகும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள்" என்று அவர் தொடர்ந்தார். "இதோ, நம் வெள்ளையம்மாவின் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலாயிரம் வரிகள். அவற்றுள் ஒன்றுகூட யாருக்கும் எழுதப்பட்டதன்று. தனியாக வாழும் ஒரு பெண் தனக்குத்தானே முணுமுணுத்தது. யாரும் எழுதாததும் யாரும் படிக்காததும் மறைந்தால், இழப்பவர் யார்? ஒருவருமில்லை!"

பிறகு அவளைக் கதவருகே அழைத்தனர். அங்கே ஒரு பலகத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'சம்மதம்' என்றும், மற்றொன்றில் 'மனமார்ந்த சம்மதம்' என்றும் எழுதியிருந்தது.

ரூபினி பலகத்தின் பின்புறத்தையும் எட்டிப் பார்த்தாள். "மறுக்குற பட்டன் எங்க சார்?"

"பலகத்துல இடம் பத்தல மேடம்" என்றார் ஹேமநாதன், ஒலிவாங்கியைக் கையால் மறைத்துக்கொண்டு. "சம்மதம் சின்ன பட்டன்தான். அதை அழுத்துனா கிட்டத்தட்ட மறுத்த மாதிரிதான்."

அக்கணத்தில் ரூபினி அங்கம்மாவின் எச்சரிக்கையை மறந்தாளா, அன்றி நினைவிலிருந்தும் மீறினாளா என்று பின்னாளில் பலமுறை விவாதிக்கப்பட்டது. மீறினேன் என்பதே அவள் சொன்னது. அவள் ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"அந்த எழுத்து எனக்கு எழுதுனது" என்றாள். "யாருக்கும் இல்லைன்னு சொன்னீங்களே சார், அது எனக்கு. சாப்பிட்டியான்னு கேட்டது என்னை. நான் தூங்காதவ இல்ல. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குவேன், குறட்டை விடுவேன். நான் தூங்குறப்ப தோட்டத்தப் பார்த்துக்கிட்டது நாலு. நாலு தூங்குனா பன்னெண்டு. நாங்க அஞ்சு பேரு. எங்கள்ல யாரும் தனியா இல்ல."

நாலாயிரம் வரிகளும் ஒரு வாக்கியத்தில் போய்விட்டன என்று ரூபினிக்குத் தெரிந்தது.

முதலில் மீண்டெழுந்தவர் ஹேமநாதன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "பதினாலாவது விதி! கணக்கு செல்லாது! மேடம் தானாவே ஒத்துக்கிட்டாங்க. மூணாவது விதிப்படி கதவு இப்ப எங்கிட்ட..." என்று சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

முன்வரிசையிலிருந்த முதிய முதலீட்டாளர் ஒருவர் கை உயர்த்தினார். அவர் அமைதியாகவே கேட்டார். அக்கணக்கு செல்லாது எனில், அதிலிருந்து எடுத்த பதினோராண்டுப் புள்ளிவிவரமும் செல்லாதா? உறங்காத பெண் ஒருத்தி உலகில் இல்லை எனில், அவளுக்காகக் கட்டில் இல்லாமல் கட்டிய தீவு யாருக்கு? ஹேமநாதன் கைப்பேசியை மீண்டும் பையில் வைத்தார்.

நிறுவனத்தார் அனைவரும் திரைக்குப் பின்னே சென்றனர். அங்கிருந்து சில வேளை கூச்சலும், சில வேளை அதைவிட அச்சமூட்டும் அமைதியும் வந்தன. ரூபினி வெற்றுக் கதவருகே தலையணையுடன் நின்றாள். நிலோபர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பன்னெண்டு எங்க மாதிரி முஸ்லிமா மேடம்?" என்று அவள் காதருகே கேட்டாள்.

"ஜொஹரா. ஏன் கேக்குற?"

"ஆய்வு முழுக்க நான்தான் தட்டெழுத்து அடிச்சேன். அது ஒருத்தி இல்லைன்னு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. அதை எழுத எங்கிட்ட கட்டம் இல்ல."

நாற்பது நிமிடங்களுக்குப் பின் தீர்மானம் வாசிக்கப்பட்டது. வரலாற்றில் இடம்பெறத் தகுந்த அத்தீர்மானம் பின்வருமாறு அமைந்தது: 'வெள்ளையம்மா என்பவர் ஒருவரே. அவ்வொருவர் ஐவரால் ஆனவர். ஐவரும் தனித்தனியே நபர்கள் அல்லர். ஒரே நபரின் பகுதிகள் ஆவர். எனவே பதினான்காம் விதி மீறப்படவில்லை. எனவே புள்ளிவிவரம் செல்லும். எனவே இரண்டாம் பாகம் செல்லும்.'

"இதுல ஒரு கையெழுத்து மேடம்" என்று ஹேமநாதன் தாளை நீட்டினார். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாங்க அஞ்சு பேரு சார்."

"கம்பெனி பார்வையில ஒருத்தர்."

"உங்க பார்வைய உங்க கட்டத்துல எழுதிக்கங்க. என் கட்டத்துல அஞ்சுன்னு எழுதுங்க. அப்பதான் கையெழுத்து."

அவ்வாறே எழுதப்பட்டது. ஒரே தாளில் ஒன்று என்றும் ஐந்து என்றும் இருக்க, இரண்டின்மேலும் முத்திரை குத்தப்பட்டது. "சரி மேடம், இப்பவாவது பட்டன்?" என்றார் ஹேமநாதன்.

அப்போது வழக்கறிஞர் இருமினார். ஒரே நபரின் ஒரு பகுதி மட்டும் சம்மதிப்பது சம்மதம் ஆகாது. கை சம்மதித்துக் கால் சம்மதிக்காத திருமணத்தை எந்தப் பதிவகமும் ஏற்காது. ஆதலால் வெள்ளையம்மா முழுமையாக, அஃதாவது ஐவரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடி, ஒரே முடிவைச் சொல்ல வேண்டும் என்று அவர் விளக்கினார். ஹேமநாதன் நாட்குறிப்பைத் திறந்தார்.

"எப்ப மேடம் அஞ்சு பேரும் வரலாம்?"

ரூபினி கைப்பேசியில் பணி அட்டவணையைத் திறந்து, மாதம் மாதமாகத் தள்ளினாள். "நாலுக்கு லீவுன்னா பன்னெண்டுக்கு வேலை. பன்னெண்டுக்கு லீவுன்னா ஏழுக்கு ஓவர்டைம். பதினஞ்சு சிங்கப்பூர்ல இருக்கும்."

"அடுத்த வருஷம்?"

"இப்படியேதான் சார். பதினோரு வருஷமா நாங்க அஞ்சு பேரும் ஒன்னா நின்னதில்ல."

விழா, ஐவருக்கும் வசதியான ஒரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அங்கம்மா இதைக் கேட்டு இரண்டு நாள் ரூபினியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பலகையில், "திறந்துட்டியே வாய. பரவால்ல. நல்லாத்தான் திறந்திருக்கே" என்று எழுதினாள்.

பின்வந்த ஓராண்டில் பெருந்திரை நிறுவனத்தின் முழு ஆற்றலும் ஐந்து பெண்களை ஓரிடத்தில் நிறுத்துவதில் செலவாயிற்று. நிறுவனம் அவர்களுக்கு வண்ண நாட்காட்டிகள் அனுப்பியது. ஆலை மேலாளருக்குக் கடிதம் எழுதி, வெள்ளையம்மாவின் நலன் கருதிப் பணி நேரங்களை மாற்றியமைக்கும்படி கேட்டுக்கொண்டது. அப்பெயரில் தம்மிடம் தொழிலாளி எவரும் இல்லை என்று மேலாளர் பதிலளித்தார். பதிலை ஹேமநாதன் ஆழ்ந்து படித்து, 'ஒத்துழைப்பு: தொடக்க நிலை' என்று கோப்பில் குறித்தார். 'கூடுகை ஒருங்கிணைப்புப் பணிக்குழு' என்று ஒன்று அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்களுக்கும் பொதுவான ஒரு நாள் கிடைக்காமையால் அது இன்றளவும் கூடவில்லை. இரண்டாம் தீவு வெளிவந்தது. உறங்காத மனிதர்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. பழைய தீவிலோ விளக்குகள் எரிந்தன, மிளகு காய்த்தது, கதவு திறந்தபடியே இருந்தது. அங்கே வேறு சிலரும் திரும்பி வரத் தொடங்கினர். நிலோபர் வாரந்தோறும் விதிப்படி ரூபினியை அழைத்து, ஐவரும் கூடினார்களா என்று கேட்பாள். இல்லை என்று ரூபினி சொல்வாள். அது உண்மையாகவும் இருந்தது.

ஆண்டிறுதி மழையில் ஒருநாள் ஆலையின் மின்மாற்றிக்குள் வெள்ளம் புகுந்தது. மூன்று நேரப் பணியும் நிறுத்தப்பட்டது. அன்று சிங்கப்பூரில் பொது விடுமுறையாகவும் அமைந்தது. முற்பகல் பத்து மணிக்கு, பத்து பாகாட்டில் ஜொஹராவின் அண்ணன் முஸ்தபா நடத்திய உணவகத்தில், ஒரே மேசையைச் சுற்றி நான்கும் ஏழும் ஒன்பதும் பன்னிரண்டும் பதினைந்தும் அமர்ந்திருந்தன.

"பதினஞ்சா நீ?" என்று ஜொஹரா லோஷினியை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு குட்டையாவா இருப்பே? எழுத்தப் பார்த்தா நெட்டையா இருப்பேன்னு நினைச்சேன்."

"பஸ்ல நின்னு நின்னு தேஞ்சுபோய்ட்டேங்க்கா" என்றாள் லோஷினி.

"கையைக் காட்டுடி ஏழு," என்றாள் அங்கம்மா. பிரேமலா இரு கைகளையும் நீட்டினாள். அங்கம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ம்ம். நல்லாத்தானே இருக்கு. வலை தைக்க என்ன கேடு?"

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது ரூபினியின் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவள் நிலோபர். ரூபினி ஒலிபெருக்கியை அழுத்தி மேசை நடுவே வைத்தாள்.

"மேடம், வழக்கமான கேள்விதான். அஞ்சு பேரும் ஒரே இடத்துல கூடுனீங்களா?"

லோஷினி இல்லை என்று தலையசைத்துக் காட்டினாள். பிரேமலா உதட்டில் விரல் வைத்தாள். ஒரு சொல் போதும். அடுத்த வாரம் வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அட்டவணைக்குப் பின்னால் ஆயுள் முழுவதும் ஒளிந்திருக்கலாம். ரூபினி நால்வர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கம்மா தே தாரிக் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லு. என்னத்துக்குப் பயம்?" என்றாள்.

"கூடியிருக்கோம்" என்றாள் ரூபினி. "இப்ப, இந்த நிமிஷம், அஞ்சு பேரும் ஒரே மேசையில இருக்கோம்."

தொலைபேசியின் மறுமுனையில் நாற்காலி நகரும் ஒலி கேட்டது. "மேடம்... அப்படின்னா இப்பவே முடிவச் சொல்லலாம். விதிப்படி இது செல்லும். ஹேமநாதன் சாரக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். நீயே எழுதிக்க. சாத்த மாட்டோம்."

"நாலு சொல்றேன், மாட்டோம்" என்றாள் அங்கம்மா. அவளைத் தொடர்ந்து ஏழு சொன்னது, பன்னிரண்டு சொன்னது. பதினைந்து, வாயில் ரொட்டியுடன் சொன்னது.

"காரணம் ஏதாவது போடணுமா மேடம்?" என்று கேட்டாள் நிலோபர்.

"எங்களுக்கு அது வேணும். அவ்வளவுதான்."

விசைகளைத் தட்டும் ஓசை சிறிது நேரம் கேட்டது. "எழுதிட்டேன் மேடம். மறுப்புன்னே, அழியாத மாதிரி எழுதியிருக்கேன். இனி கதவ யாரும் சாத்த முடியாது" என்றாள் நிலோபர். முஸ்தபா மேலும் ஐந்து தட்டு ரொட்டி சானாயோடு வந்து, யாருக்கு எது என்று கேட்டுக்கொண்டு நின்றார்.